பி.எச். மானி: அளவுத்திருத்தமும் பேணுதலும்

தோற்றுவாய்

அளவைக் கருவிகளுள் தமிழர் பெரிதும் போற்றியது துலாக்கோல். திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவு நிலைமை, சான்றோர்க்கு அதனையே உவமையாகக் காட்டுகிறது. கோல் முதற்கண் வெறுந்தட்டுகளோடு தான் சமனாக நிற்றல் வேண்டும். அதன் பின்னரே தன்மேல் வைக்கப்பெற்ற பொருளின் நிறையைச் சொல்லும் தகுதி அதற்கு உண்டாகும். சமன் செய்யப்பெறாத கோலும் ஏதோ ஓர் எடையைக் காட்டத்தான் செய்யும். ஆயின் அக்காட்சியை நம்பிப் பொருள் வாங்குவோன் இழப்பை அடைவான்.

இவ்வுண்மை இன்றைய அறிவியற் கருவிகளுக்கும் பொருந்துவதாகும். கோவை மாநகரின் வடபால் அமைந்த கணபதி, வார்ப்படச் சாலைகளும் பம்புசெட் உதிரிப் பாகங்களைச் செய்யும் பட்டறைகளும் நிறைந்த பகுதி. இங்கும் அண்மையிலுள்ள பகுதிகளிலும் நிக்கல், குரோமியம், துத்தநாகம் ஆகிய உலோகங்களை இரும்பின்மேல் முலாமாக ஏற்றும் பட்டறைகளும் உள்ளன. அப்பட்டறைகளில் தொட்டி நீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் அறியப் பயன்படும் கருவியே பி.எச். மானி. அதனைச் சமன் செய்யும் முறையையும் பேணும் முறையையும் இக்கட்டுரையில் நாம் காண்போம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு இடம் உண்டோ எனச் சிலர் வினவக்கூடும். கருவியோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்துள்ளது. கருவியைத் தொட்டியில் தோய்த்து எண்ணைப் படிப்பவரோ தமிழில் எண்ணித் தமிழில் பேசும் தொழிலாளர். அவருக்கு விளங்காத கையேடு இருந்தும் இல்லாததே. ஆதலின் இதனைத் தமிழிற் சொல்லுதல் தமிழ் கற்றோரின் கடமையும் ஆகும்.

கருவியின் வரலாறு

பி.எச். என்னும் அளவினை 1909ஆம் ஆண்டில் வகுத்தவர் டென்மார்க் நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன். கோபன்கேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். ஒரு கரைசலிலுள்ள ஐதரசன் அயனிகளின் மிகச்சிறிய அளவை எளிய எண்ணாற் குறிப்பதே அவர்தம் நோக்கம். 25 பாகை செல்சியசில் தூய நீரின் எண் 7. அதனினும் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். இவ்வெண் மடக்கை முறையில் அமைந்தது என்பதை மறத்தலாகாது. பி.எச். 5 உடைய நீரைக் காட்டிலும் 4 உடைய நீர் பத்து மடங்கு அமிலத் தன்மை வாய்ந்தது. 3 உடையது நூறு மடங்கு. எனவே எண்ணில் சிறிதாகத் தோன்றும் பிழை, பொருளில் பெரிதாகும்.

மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் வெவ்வேறு அமிலத் தன்மையுடைய நீர்மங்கள் இருப்பின் அதன் குறுக்கே மின்னழுத்தம் தோன்றும் என்பதைக் கிரெமர் 1906ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஃபிரிட்ஸ் ஏபரும் கிளமென்சிவிச்சும் 1909ஆம் ஆண்டில் அதனை மேலும் ஆராய்ந்தனர். எனினும் கண்ணாடியின் மின்தடை மிகப் பெரிதாதலின், அம்மின்னழுத்தத்தை அளப்பது அரிதாக இருந்தது. அமெரிக்க அறிஞர் ஆர்னால்டு பெக்மன் 1934ஆம் ஆண்டில் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியைக் கண்ணாடி மின்வாயோடு இணைத்து இத்தடையை வென்றார். கலிபோர்னியாவின் எலுமிச்சைச் சாற்றை அளக்க வேண்டிய தேவையே அம்முயற்சிக்குத் தூண்டுகோல். அச்சாற்றில் பதப்படுத்தும் பொருட்டுச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு, அக்காலத்து மின்வாய்களைக் கெடுத்தது. லிட்மசுத் தாளின் நிறத்தையும் வெளுக்கச் செய்தது. அளக்கப்படும் பொருளே அளக்கும் கருவியைக் கெடுக்கக்கூடும் என்பதை அன்றே உலகம் அறிந்துகொண்டது. இதன் தொடர்ச்சியைக் கணபதியின் தொட்டிகளிற் பின்னர்க் காண்போம்.

கருவி அளப்பது எதனை?

பி.எச். மானி நேராக அமிலத்தை அளப்பதில்லை. அது அளப்பது மின்னழுத்தம் ஒன்றையே. ஒரு பி.எச். மாற்றத்திற்கு 25 பாகையில் 59.16 மில்லிவோல்ட் மாறும் என்பது நெர்ன்ஸ்ட் சமன்பாடு தரும் முடிவு. பி.எச். 7இல் மின்னழுத்தம் சுழி, அமிலத்தில் நேர், காரத்தில் எதிர். இக்கணக்கினை அடிப்படையாகக் கொண்டே கருவி எண்ணைக் காட்டுகிறது.

ஆயின் எந்த மின்வாயும் ஏட்டிற் கண்டவாறே நடப்பதில்லை. முதுமை, அழுக்கு, வறட்சி ஆகியவற்றால் இரு பிழைகள் நேர்கின்றன. ஒன்று, சுழி நிலை விலகுதல். மற்றொன்று, சரிவு குறைதல். சரிவு என்பது ஒரு பி.எச். அலகிற்கு மின்வாய் தரும் மில்லிவோல்ட்டின் அளவு. இவ்விரு பிழைகளையும் அறிந்த கரைசல்களைக் கொண்டு கண்டு, கருவிக்குத் தெரிவிப்பதே அளவுத்திருத்தம்.

அறிந்த கரைசல்களாவன தாங்கல் கரைசல்கள். பட்டறைகளில் இவற்றைப் பஃபர் என்பர். சிறிதளவு அமிலமோ காரமோ சேரினும் தம் பி.எச். அளவைத் தாங்கி நிற்பதால் இப்பெயர் பெற்றன. 25 பாகையில் தாலேட்டுக் கரைசல் 4.01, பாசுபேட்டுக் கரைசல் 6.86, வெண்காரக் கரைசல் 9.18 என்பன பெரிதும் வழங்குவன. 4, 7, 10 என அமைக்கப்பெற்ற கரைசல்களும் கடைகளிற் கிடைக்கின்றன. வெப்பத்தால் இவற்றின் அளவும் சிறிது மாறும். கோடையில் பட்டறை 35 பாகையை எட்டும்போது வெண்காரக் கரைசல் 9.10 ஆகவும், பாசுபேட்டுக் கரைசல் 6.84 ஆகவும், தாலேட்டுக் கரைசல் 4.02 ஆகவும் அமையும். புட்டியின் மேலுள்ள வெப்ப அட்டவணையைப் பார்த்து அந்நேரத்திற்குரிய எண்ணையே கொள்ளல் வேண்டும்.

அளவுத்திருத்தம் செய்யும் முறை

முதலாவது, மின்வாயை நன்கு நோக்குதல். குமிழில் விரிசல் இருத்தலாகாது. உள்ளே காற்றுக் குமிழி இருப்பின் மெல்ல உதறி நீக்கல் வேண்டும். பொட்டாசியம் குளோரைடுக் கரைசலை நிரப்பும் வகையினதாயின், அது நிரப்புத் துளையை ஒட்டி நிற்றல் வேண்டும். அளக்கும்போது துளையின் மூடியைத் திறந்து வைத்தலும் வேண்டும். மூடியிருப்பின் கரைசல் சந்தித் துளை வழியே சீராகக் கசியாது. எண் நிலைகொள்ளாமல் அலையும்.

இரண்டாவது, தாங்கல் கரைசலைப் புட்டியிலிருந்து சிறு குவளையில் ஊற்றிக்கொள்ளுதல். புட்டிக்குள்ளேயே மின்வாயைத் தோய்த்தல் கூடாது. பயன்படுத்திய கரைசலை மீண்டும் புட்டியில் ஊற்றுதலும் கூடாது. வெண்காரக் கரைசல் காற்றிலுள்ள கரிவளியை ஏற்று நாளடைவில் தன் அளவிற் குறையும். தாலேட்டுக் கரைசலில் பூஞ்சணம் படரும். எனவே புட்டியின் மேல் திறந்த நாளை எழுதி வைத்தல் நன்று. மாத்திரையைக் கரைத்துக் கொள்வோர் வாலைவடி நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் உதவா.

மூன்றாவது, மின்வாயை வாலைவடி நீரால் அலசி, மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தல். துடைத்தலாகாது. தேய்ப்பதால் கண்ணாடியில் நிலைமின்னேற்றம் உண்டாகி எண் அலையும்.

நான்காவது, 6.86 அல்லது 7 கரைசலில் தோய்த்து, எண் நிலைபெறும் வரை பொறுத்துச் சுழித் திருத்தம் செய்தல். ஐந்தாவது, மீண்டும் அலசி, அளக்கப்போகும் நீர் அமிலமாயின் 4.01 கரைசலிலும், காரமாயின் 9.18 அல்லது 10 கரைசலிலும் தோய்த்துச் சரிவுத் திருத்தம் செய்தல். அளக்கவேண்டிய எண் இவ்விரு கரைசல்களுக்கும் இடையே அமைதல் சிறப்பு. ஆறாவது, எஞ்சிய மூன்றாம் கரைசலில் தோய்த்துச் சரிபார்த்தல். அது தனக்குரிய எண்ணைச் சற்றேறக்குறையக் காட்டுமாயின் கருவி நம்பத்தக்கது.

ஒரு கரைசலோடு நிறுத்திக்கொள்வோர் பலர். ஒரு புள்ளியால் நேர்கோட்டை வரைய இயலாது என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. மின்வாயின் சரிவு 90 விழுக்காடாகத் தளர்ந்துள்ளது எனக் கொள்வோம். 7 கரைசலில் மட்டும் திருத்தினால், அக்கரைசலில் அது பிழையின்றி 7 காட்டும். ஆனால் உண்மையில் 2.5 ஆகிய நீரை 2.95 என்று காட்டும்; 10.5 ஆகிய நீரை 10.15 என்று காட்டும். ஏழினின்று விலக விலகப் பிழை வளரும். இரண்டாம் கரைசலே அதனை வெளிப்படுத்தவல்லது.

சரிவைக் கணக்கிடுதலும் எளிதே. 25 பாகையில் 6.86, 4.01 ஆகிய இரு கரைசல்களுக்கும் இடையே இருக்கவேண்டிய வேறுபாடு 168.6 மில்லிவோல்ட். முதலாவதில் 12, இரண்டாவதில் 173 எனக் கருவி காட்டினால் வேறுபாடு 161. அஃதாவது ஏறத்தாழ 95 விழுக்காடு. இம்மின்வாய் பணிக்கு உரியது. தூய்மை செய்த பின்னும் 90க்குக் கீழே நின்றால் அதனை மாற்றுதலே தக்கது.

கணபதியின் தொட்டிகளில்

மேற்கூறியவற்றின் பயனை முலாம் பட்டறையில் தெளிவாகக் காணலாம். நிக்கல் தொட்டி 4ஐ ஒட்டிய பி.எச். அளவில் இயங்குவது. அவ்வளவைத் தாங்கி நிற்கவே அதில் போரிக் அமிலம் சேர்க்கின்றனர். அளவு மிக இறங்கினால் ஐதரசன் வளி மிகுதியாக வெளிப்பட்டு உலோகம் படிதல் குறையும். மிக ஏறினால் ஐதராக்சைடு கலந்து முலாம் மங்கி நொறுங்கும் தன்மை அடையும். இத்தொட்டி 55 பாகை அளவில் வெம்மையாக இருக்கும். அவ்வெப்பத்தில் ஓர் அலகிற்குரிய மில்லிவோல்ட் 59.16 அன்று, 65.1 ஆகும். கருவியின் வெப்பத் திருத்தத்தை 25இல் விட்டுவிட்டு இத்தொட்டியில் மின்வாயைத் தோய்த்தால், உண்மையில் 4 ஆகிய கரைசலை 3.7 எனக் கருவி காட்டும். தொழிலாளர் அதனை நம்பித் தேவையின்றி நிக்கல் கார்பனேட்டைச் சேர்ப்பார். தொட்டி நீரைச் சிறிது முகந்து ஆறவிட்டு அளப்பதே பிழையற்ற வழி. பெருஞ்சூட்டில் மின்வாயின் வாழ்நாள் குறைவதையும் இதனால் தவிர்க்கலாம்.

குரோமியத் தொட்டியின் கழிவு நீரிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நச்சுத் தன்மை மிக்கது. அதனைச் சோடியம் மெட்டாபைசல்பைட்டால் மூவிணைதிறன் குரோமியமாக மாற்றுவர். அம்மாற்றம் பி.எச். 3க்குக் கீழேதான் விரைந்து நிகழும். பின்னர்ச் சுண்ணாம்பு சேர்த்து 8ஐ ஒட்டி உயர்த்தினால் அது ஐதராக்சைடாகப் படியும். முதற்படியில் அளவு தவறினால் நச்சு மாறாமலே எஞ்சும். இரண்டாம் படியில் காரம் மிகின் படிந்ததும் மீளக் கரையத் தொடங்கும். ஒரே கருவி ஒரே நாளில் அமிலத்திலும் காரத்திலும் சான்று கூறவேண்டியிருத்தலின், மூன்று தாங்கல் கரைசல்களும் இங்கே தேவையாகின்றன.

சயனைடு கலந்த கழிவு நீரோ உயிரோடு தொடர்புடையது. அதனைக் குளோரின் தரும் பொருள்களால் அழிக்கும்போது முதற்படியில் பி.எச். 10க்கு மேல் நிற்றல் வேண்டும். இறங்கினால் சயனோசன் குளோரைடு என்னும் நச்சு வளி எஞ்சி வெளிப்படும். அமிலத்தோடு கலந்தாலோ ஐதரசன் சயனைடு எழுந்து அருகில் நிற்போரைச் சில நொடிகளில் வீழ்த்தக்கூடும். சயனைடு மின்வாயையும் கெடுக்கவல்லது. சந்தித் துளை வழியே உட்புகுந்து, ஒப்பு மின்வாயிலுள்ள வெள்ளிக் குளோரைடைக் கரைத்துச் சுழி நிலையை விலகச் செய்யும். முப்பது மில்லிவோல்ட் விலகினாலே அரை அலகுப் பிழை நேரும். உண்மையில் 10 ஆகிய நீரை 10.5 எனக் கருவி காட்டலாம். இத்தொட்டிக்கு இரட்டைச் சந்தி உடைய மின்வாயைக் கொள்ளுதலும், ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் அளவுத்திருத்தம் செய்தலும் இன்றியமையாதன.

ஏழு என்னும் எண்

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விழைவது ஒன்று உண்டு. குமிழில் விரிசல் கண்ட மின்வாய் எந்த நீரில் தோய்த்தாலும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். கம்பியின் இணைப்பில் ஈரம் புகுந்து மின்சுற்று குறுக்கிட்டாலும் அவ்வாறே. அந்த எண் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் அருகில் அமையும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவு நீருக்கு நம் நாட்டுப் பொது விதி வகுத்துள்ள எல்லை 5.5 முதல் 9 வரை. ஆகவே செத்த கருவி காட்டும் எண்ணும் சட்டம் விரும்பும் எண்ணும் ஒன்றாகிவிடுகின்றன. கருவி கெட்டால் அபாய எண் தோன்றும் என நாம் எதிர்பார்ப்போம். உண்மையிலோ அது எல்லாம் நலமே என்று பொய்ச்சான்று கூறுகிறது. பதிவேட்டில் நாள்தோறும் மாறாத 7 காணப்படின் மகிழ்தலாகாது, ஐயுறல் வேண்டும். 4.01 கரைசலில் ஒருமுறை தோய்த்தாலே இப்பொய் வெளிப்பட்டுவிடும்.

இதற்கு மறுதலையான உண்மையும் உண்டு. பி.எச். சரியாக இருப்பதனாலேயே நீர் தூயதாகிவிடாது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் காவிரியிற் கலக்கும் நொய்யலாறு இதற்குச் சான்று. திருப்பூர்ச் சாயக் கழிவால் ஒரத்துப்பாளையம் அணை நீர் உழவுக்கு உதவாமற் போனதும், 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் கொங்கு நாட்டார் அறிந்தவை. அங்கே பெருஞ்சிக்கலாக நின்றது கரைந்த உப்பு. காரக் கழிவில் அமிலம் சேர்த்துப் பி.எச். அளவைச் சீராக்கினால் எண் சீராகும், உப்போ கூடும். எனவே இம்மானியைப் பல சான்றுகளுள் ஒரு சான்றாகவே கொள்ளல் வேண்டும். அச்சான்றேனும் மெய்யாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

பேணும் முறை

மின்வாயின் கண்ணாடிக் குமிழ் எப்போதும் ஈரமாக இருத்தல் வேண்டும். அதனை வைத்தற்குரியது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுக் கரைசல். வாலைவடி நீரில் ஊறவைத்தல் பரவலாகக் காணும் தவறு. அது கண்ணாடியிலும் உட்கரைசலிலும் உள்ள அயனிகளை வெளியே ஈர்த்து மின்வாயைத் தளரச் செய்யும். அலசுவதற்கு மட்டுமே அந்நீர். உலர்ந்துபோன மின்வாயை மேற்கண்ட உப்புக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் பெரும்பாலும் உயிர்பெறும்.

படியும் அழுக்கிற்கேற்பத் தூய்மை முறையும் வேறுபடும். கோவைப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினத் தன்மை உடையது. அதனால் படியும் சுண்ணாம்பை 0.1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் தோய்த்து நீக்கலாம். எண்ணெயும் பிசுக்கும் மென்மையான சலவைக் கரைசலால் நீங்கும். சந்தித் துளை கறுத்திருப்பின் அது வெள்ளி சல்பைடு. தயோயூரியா கலந்த நீர்த்த அமிலம் அதனைக் கரைக்கும். எம்முறையைக் கையாளினும், பின்னர் நன்கு அலசி, உப்புக் கரைசலில் ஒரு மணி நேரமேனும் வைத்து, மீண்டும் அளவுத்திருத்தம் செய்தல் வேண்டும். அமிலம் பட்ட மின்வாயை அலசாமல் சயனைடுத் தொட்டியின் பக்கம் கொண்டுசெல்லுதல் கூடவே கூடாது. ஐதரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியை அரிக்குமாதலின் அதில் இம்மின்வாயைத் தோய்த்தலாகாது.

சிறுவாணி நீர் உப்பு குறைந்த மென்னீர். இத்தகைய நீரில் மின்வாய் நிலைகொள்ளக் காலம் பிடிக்கும். அது பழுதன்று, பொறுமையோடு காத்திருத்தலே வேண்டுவது.

பதிவேடும் சுவரொட்டியும்

நாள், நேரம், வெப்பம், இரு கரைசல்களில் கண்ட மில்லிவோல்ட், சரிவு விழுக்காடு, செய்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். வாரந்தோறும் சரிவு இறங்கி வருவதைப் பதிவேடு முன்கூட்டியே காட்டும். மின்வாய் முற்றும் கெடுமுன் புதியது வாங்க வழிசெய்யும்.

அறிவியல் தமிழ் வளர்ச்சி பற்றி நாம் மேடைகளிற் பேசுகிறோம். அவ்வளர்ச்சி பட்டறைச் சுவரையும் எட்டுதல் வேண்டும். கருவியின் அருகே ஒட்டத்தக்க ஐந்து வரிகளை இங்கே தருகிறோம். நம் மாணவர் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதித் தத்தம் ஊர்ப் பட்டறைகளுக்கு அளிப்பாராக.

1. குமிழைப் பார், விரிசலா, உலர்ந்ததா எனத் தெளி.
2. இரண்டு பஃபர் இன்றி அளக்காதே.
3. நீரால் அலசு, தாளால் ஒற்று, தேய்க்காதே.
4. எங்கும் ஏழு என்றால் கருவியை நம்பாதே.
5. வேலை முடிந்ததும் உப்புக் கரைசலில் வை, பதிவேட்டில் எழுது.

நிறைவுரை

பி.எச். மானி காட்டும் எண் கருவியிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அதனைச் சமன் செய்தவரின் கருத்தூன்றலும் அதில் அடங்கியுள்ளது. அளவுத்திருத்தத்திற்குச் செலவாகும் பத்து நிமிடமும் சிறிது கரைசலும் வீண் என எண்ணுவோர், அவ்வெண்ணை நம்பித் தொட்டியருகே நிற்கும் தொழிலாளரையும், அந்நீர் சென்று சேரும் நிலத்தையும் நினைத்தல் வேண்டும். கருவியைச் சமன் செய்தபின் அளப்போம். அளந்ததை உள்ளவாறே எழுதுவோம்.